என் போட்டோவிலேயே இருந்த வெள்ளைப் புள்ளி

அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஒரு 40 அடி கன்டெய்னரின் உள்பக்கம். கதவருகே நின்று, போனைக் கொஞ்சம் கீழே சாய்த்து, தரை முழுதும் தெரிகிற மாதிரி எடுத்தது. பலகை சுத்தமாக இருக்கிறது. எண்ணெய்க் கறை இல்லை, ஆணி எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. அதைக் காட்டத்தான் எடுத்தேன். படத்தின் மேல் வலது மூலையில், கடைசிச் சுவரும் கூரையும் சேர்கிற இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. துரு அரித்துப் போன பட்டாணி அளவு ஓட்டை. வெளியே அடிக்கிற வெயில் அது வழியாக உள்ளே வருகிறது. படத்தைப் பெரிதாக்கக்கூட வேண்டாம், புதிதாக அடித்த ஆணியின் தலை மாதிரி பளிச்சென்று நிற்கிறது. எடுத்தவன் நான். எனக்கு அது தெரியவே இல்லை.

மணலி புதுநகரைத் தாண்டி, பொன்னேரி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு காலி கன்டெய்னர் யார்டில் சர்வேயராக இருக்கிறேன். 11 வருடம் ஆகிறது. சரக்கு இறக்கிய பெட்டிகள் எங்களிடம் வந்து சேரும், பிறகு அடுத்த சரக்கு ஏற்றப் போகும். வரும்போதும் போகும்போதும் பெட்டியைப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் நம்பர். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் கட்டிய ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் முன்னால் இருப்பதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஓர் எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் கம்ப்யூட்டரில் கணக்கு இடிக்கும், உடனே தெரிந்துவிடும். அப்புறம் சுவர், கூரை, தரை, கதவு, கதவு ரப்பர், அடிச்சட்டம். இவற்றுக்குக் கணக்கு எதுவும் கிடையாது. கண் மட்டும்தான்.

அது ஐப்பசி மாதம். முந்தின மாதம்தான் ஒரு ஏற்றுமதி பார்ட்டி இரண்டு பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருந்தது, தரையில் எண்ணெய்க் கறை என்று. அவர்கள் ஏற்றுவது துணி. கறை அட்டைப்பெட்டியில் ஏறினால் சரக்கு போச்சு. அன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்தது: ‘ஃப்ளோர் பார்த்து அனுப்பவும்.’ கேட்டில் டிரெய்லர் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கடைசி வரை நடந்தேன். குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தேன், விரலை மோந்தும் பார்த்தேன். திரும்பி வந்து போட்டோ எடுத்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

முறைப்படி லைட் டெஸ்ட் செய்திருக்க வேண்டும். ஒருவன் உள்ளே நிற்க, இன்னொருவன் வெளியிலிருந்து இரண்டு கதவையும் சாத்த, இருட்டில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது. அன்று கதவு சாத்த ஆள் இல்லை, விட்டுவிட்டேன். அது என் தவறு, அதற்குச் சாக்கு சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த கதவின் வெளிச்சத்திலும் அந்தப் புள்ளி தெரிந்திருக்கிறது. போட்டோவே சாட்சி.

சரக்கு ஏற்றிய பெட்டி மழையில் நின்றது. ஒரு மாதம் கழித்து வெளிநாட்டில் திறந்தபோது அந்த மூலையில் அடுக்கியிருந்த அட்டைகள் ஊறி, பூஞ்சை பிடித்திருந்ததாம். என் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டு, மேலாளர் பேனா நுனியால் அந்தப் புள்ளியைத் தொட்டார்.

“உள்ள போனியா, போகலையா?”

“போனேன் சார்.”

“போனா இது எப்படித் தெரியாம இருக்கும்? பார்த்துட்டுத்தான் விட்டியா?”

அவர் கொடுத்தது இரண்டே வழி. ஒன்று, உள்ளே போகாமலே கையெழுத்துப் போட்டவன். இல்லையென்றால் பார்த்தும் மறைத்தவன். இரண்டும் நான் இல்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று எனக்கே அப்போது தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்ல? பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா மகள் சைக்காலஜி இரண்டாம் வருடம் படிக்கிறாள். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தபோது கதையைக் கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டினாள். “வெள்ளைச் சட்டை போட்டவங்க எத்தனை தடவை பந்தை பாஸ் பண்றாங்கன்னு மட்டும் எண்ணுங்க மாமா.” எண்ணினேன். எண்ணுவது என் தொழில், விடுவேனா? அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தது.

முடிந்ததும் அம்மாதான் முதலில் பேசியது. “இன்னாடா அது, நடுவுல கரடி மாதிரி ஒண்ணு வந்து மார்ல அடிச்சிக்கினு போவுது?”

எனக்கு எந்தக் கரடியும் தெரியவில்லை. மறுபடி ஓட்டிக் காட்டினாள். கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் ஆட்டக்காரர்களுக்கு நடுவில் நிதானமாக நடந்து வந்து, நின்று, நெஞ்சில் அடித்துக்கொண்டு போகிறார். 9 வினாடி. வேறு வீடியோவை மாற்றிப் போட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இருவர் ஹார்வர்டில் செய்து 1999-இல் வெளியிட்ட சோதனை அது. பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கொரில்லாவைக் காணவில்லை. அம்மா கண்டது அம்மாவுக்குக் கண் கூர்மை என்பதால் இல்லை. அம்மா எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அக்கா மகள் அடுத்துச் சொன்னது. 2013-இல் அமெரிக்காவில் டிராஃப்டன் டுரூ, ஜெரமி வுல்ஃப் குழுவினர் 24 ரேடியாலஜி டாக்டர்களிடம் நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களைக் கொடுத்தார்கள். புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தை நுழைத்து வைத்திருந்தார்கள், அவர்கள் தேடிய கட்டியைப் போல 48 மடங்கு பெரிதாக. 24 பேரில் 20 பேர் பார்க்கவில்லை. கண் எங்கே போகிறது என்று கருவியில் பதிவு செய்திருந்தார்கள். தவறவிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் கண் நேராக அந்தக் கொரில்லா மேலேயே போய் நின்றிருக்கிறது.

அதைக் கேட்டதும் என் கண் கலங்கிவிட்டது. வருடக்கணக்காகப் படித்து, நாள் முழுதும் படம் பார்ப்பதே வேலையாக இருக்கிறவர்கள் அவர்கள். கண் அதன் மேலேயே இருந்தது, ஆனாலும் பார்க்கவில்லை. மேலாளர் கொடுத்த இரண்டு வழிக்கும் வெளியே நான் நின்றுகொண்டிருந்த இடம் அதுதான்.

எனக்கு வந்த மெமோவில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை நான் நிறைய நாள் யோசித்தேன். என் கவனம் குறையவில்லை. இருந்த மொத்தக் கவனமும் தரையில் இருந்தது. கறை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று ஒரே கேள்வி. கவனம் ஒரே இடத்தில் குவிந்ததால் போனதை ‘குறைவு’ என்று எழுதினால், அடுத்த தடவை ‘இன்னும் கவனமாக இரு’ என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டவனும் இன்னும் கவனமாகத் தரையைப் பார்ப்பான். கூரை அப்படியே இருக்கும்.

நம்மிடம் அவதானம் என்று ஒரு கலையே இருந்தது, ஒரே நேரத்தில் பல காரியங்களில் கவனம் வைப்பது. நூறு என்றால் சதாவதானம். செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்தார். சென்ட்ரலைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்து நினைத்துக்கொள்வேன். முதுகில் விழும் நெல்லை எண்ண வேண்டும், மணியோசையை எண்ண வேண்டும், கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் சொல்ல வேண்டும். மலைக்க வைக்கிற பயிற்சி. ஆனாலும் எதையெல்லாம் எண்ண வேண்டும் என்பது அவதானிக்கு முன்பே தெரியும். யாரும் சொல்லாமல் மூலையில் வந்து நிற்கிற ஒன்றைப் பிடிப்பது வேறு வேலை.

அக்கா மகளிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். நான் அதைப் பார்த்து மறந்தேனா, பார்க்கவே இல்லையா? அவள் சொன்ன பதில் 1960-இல் ஜார்ஜ் ஸ்பெர்லிங் செய்த ஒரு சோதனை. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு எழுத்து, மொத்தம் 12. ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டி மறைத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன் என்றுதான் பார்த்தவர்கள் சொல்வார்கள். எழுதச் சொன்னால் நாலைந்துக்கு மேல் வராது, அதற்குள் மற்றவை கரைந்துவிடும். ஸ்பெர்லிங் ஒரு வேலை செய்தார். எழுத்துகள் மறைந்த உடனே ஒரு மணியோசை: மேல் சுருதி என்றால் மேல் வரிசை, நடு என்றால் நடு, கீழ் என்றால் கீழ். அப்போது எந்த வரிசையைக் கேட்டாலும் நான்கில் மூன்று எழுத்து சரியாக வந்தது. அப்படியென்றால் எல்லா எழுத்தும் ஒரு கணம் உள்ளே இருந்திருக்கின்றன. கவனம் போய்த் தொட்ட வரிசை மட்டும் நினைவாக மாறியது. ஓசையைக் கொஞ்சம் தள்ளி, ஒரு வினாடி கழித்து அடித்தால் அந்த லாபமும் போய்விடுகிறது.

தொடாமல் கரைந்த எழுத்துகளை அவர்கள் ‘உணர்ந்தார்களா’ என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உணர்வு நினைவை விடப் பெரிது, நினைவு அள்ளியது மட்டும்தான் கொஞ்சம் என்று ஒரு கட்சி. கவனம் தொடாதது உணர்விலேயே ஏறவில்லை, எல்லாவற்றையும் பார்த்த மாதிரி நமக்குத் தோன்றுவதுதான் மயக்கம் என்று எதிர்க்கட்சி. நான் முதல் கட்சி. அந்த வெள்ளை வெளிச்சம் ஒரு கணம் எனக்குள் வந்துதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது ‘மேலே?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கையை நேராக நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். எந்த நேரத்திலும் நம் கண் கூர்மையாகப் பார்க்கிற பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். வினாடிக்கு மூன்று நான்கு தடவை கண் தாவித் தாவி அந்தச் சின்ன வட்டத்தை வேறு வேறு இடத்தில் வைக்கிறது. முழுக் காட்சி தெரிகிற மாதிரி இருப்பது மூளை ஒட்டுப்போட்டுத் தருவது. நம்பாதவர்கள் வீட்டில் இதைச் செய்யலாம். பர்ஸைத் தொடாமல், புது 10 ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம் என்று சொல்லச் சொல்லுங்கள். 20-இல்? 50-இல்? எங்கள் வீட்டில் ஆறு பேரில் ஒருவர்கூட மூன்றையும் சொல்லவில்லை. கோனார்க், எல்லோரா, ஹம்பி தேர். தினமும் கையில் பிடிக்கிறோம். ஆனால் கையில் பிடிக்கும்போது நாம் தேடுவது நிறத்தையும் எண்ணையும்தான், தேர் தேவைப்படுவதில்லை. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மெட்ரோ தூண்கள் வருவதற்கு முன் சாலை எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தேர் நிற்கும் இடம் வருகிறது, நான் டீ குடித்த கடை வருகிறது, மற்றதெல்லாம் மங்கல்.

சாலையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் என் தங்கச்சி நின்றிருக்கிறாள். நான் பைக்கில் அவளைக் கடந்து போனேன். காதில் ப்ளூடூத், ஒரு டிரெய்லர் எங்கே நிற்கிறது என்று பேசிக்கொண்டிருந்தேன். “என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே போற, கை ஆட்டுறேன், திரும்பல” என்று இரண்டு நாள் பேசவில்லை. அவளைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. டேவிட் ஸ்ட்ரேயர் குழு யூட்டாவில் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதே கதைதான். கார் ஓட்டும் சிமுலேட்டரில் உட்கார வைத்து, ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசச் சொல்லி, கண் எங்கே போகிறது என்றும் அளந்தார்கள். சாலையோர விளம்பரப் பலகையைக் கண் நேராகப் பார்த்திருந்தாலும், பேசிக்கொண்டே ஓட்டியவர்களுக்குப் பிறகு அது நினைவில் குறைவாகவே இருந்தது. கை காலியாக இருந்தால் போதும் என்பது தப்பு. பொன்னேரி நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி நெருக்கும். அங்கே கண்ணுக்கு முன்னால் இருப்பது நமக்குள் வராமல் போனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இப்போது யார் கூப்பிட்டாலும் ஓரம் கட்டிவிட்டுத்தான் பேசுகிறேன். ‘வண்டியில இருக்கேன்’ என்று சொல்வதற்காகக்கூட எடுப்பதில்லை.

அம்மாவிடம் இதெல்லாம் விளக்கினால் “இதுக்கு ஒரு படிப்பா?” என்கிறது. காசிமேட்டில் மீன் வாங்கும்போது அம்மாவின் கண்ணுக்கு ஈடு கிடையாது. வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கி ஒரு பார்வை, கண்ணில் ஒரு பார்வை, விரலால் ஓர் அழுத்து. ஆனால் எடை போடும்போது அம்மாவின் கண் மீனில்தான் இருக்கும், தராசில் இருக்காது. ஒரு நாள் வீட்டில் வந்து நிறுத்துப் பார்த்தால் கால் கிலோ குறைவு. இப்போது நான் கூடப் போகிறேன். அம்மா மீனைப் பார்க்கும், நான் தராசு முள்ளைப் பார்ப்பேன். இரண்டு பேரும் ஒன்றையே பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

வேலையில் நான் மாற்றியதற்கெல்லாம் அடிப்படை இந்த ஒன்றுதான். முன்பு ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரே நடையில் எல்லாவற்றையும் பார்ப்பேன். இப்போது முதல் சுற்று வெறுங்கையோடு. பார்ட்டி என்ன கேட்டிருக்கிறது என்று அந்தச் சுற்றுக்கு முன் படிப்பதே இல்லை. படித்தால் கண் அதற்கே அடிமையாகிவிடும். இரண்டாவது சுற்று ஃபாரத்தோடு, ஒவ்வொரு பக்கமாக. கையை நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்வேன்: “கூரை, வலது மூலை, சரி. கூரை, இடது மூலை, சரி.” ஜப்பான் ரயில்வேயில் டிரைவர்கள் சிக்னலை விரல் நீட்டிக் காட்டி உரக்கச் சொல்வது நெடுநாள் வழக்கம். அங்கிருந்து எடுத்ததுதான். முதல் வாரம் பையன்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், பரவாயில்லை. வாய் ‘கூரை’ என்று சொல்லும்போது கண் தரையில் இருக்க முடியவில்லை, அதுதான் எனக்கு வேண்டும்.

போட்டோ விஷயத்திலும் பழக்கத்தை மாற்றினேன். எடுத்தாகிவிட்டது என்றால் மனசு பார்த்தாகிவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. லிண்டா ஹென்கல் 2014-இல் ஓர் அருங்காட்சியகத்தில் செய்த ஆய்வில், பொருள்களை முழுதாகப் படம் பிடித்தவர்களுக்கு அவற்றைப் பற்றிய நினைவு வெறுமனே பார்த்தவர்களை விடக் குறைந்திருந்தது. ஒரு பகுதியை நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. அதனால் இப்போது முழுப் படம் ஒன்று, அப்புறம் நான்கு மூலைக்கும் தனித்தனி நெருக்கம். எடுத்த படத்தையும் கேட் பாஸ் போடும் முன் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன். அன்று அதை மட்டும் செய்திருந்தால் போதும்.

லைட் டெஸ்டை மட்டும் எதற்காகவும் விடுவதில்லை. கதவு இரண்டும் டமார் என்று சாத்தும். வெயிலில் நின்ற இரும்பு, உள்ளே அடுப்பு மாதிரி. பழைய சரக்கின் நாற்றம். முதலில் ஒன்றுமே தெரியாது, சொந்தக் கையே தெரியாது. கொஞ்ச நேரம் போனால் கண் பழகும். எதையும் தேட வேண்டாம். நம்பர் இல்லை, கறை இல்லை, பலகை இல்லை, கவனத்தை இழுக்க வேறு எதுவுமே இல்லாததால் ஊசி முனை வெளிச்சம் இருந்தாலும் அது நம்மைத் தேடி வரும்.

போன மாதம் புதுப் பையன் ஒருவன் விட்ட பெட்டி கேட்டிலிருந்தே திரும்பி வந்தது. கதவு ரப்பர் கீழே கிழிந்திருக்கிறது, அவன் எழுதவில்லை. ஆபீசில் அதே கேள்வி, பார்த்தியா பார்க்கலையா. பையன் கண் தரையைப் பார்க்கிறது, பேச்சு வரவில்லை. நான் அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு வந்து வேறு மாதிரி கேட்டேன்.

“அப்போ நீ என்ன தேடிக்கினு இருந்த?”

கொஞ்சம் யோசித்தான். “நம்பர்ணா. நேத்து ஒண்ணு தப்பா எழுதிட்டேன்னு திட்டுனாங்கல்ல. அதையே ரெண்டு மூணு வாட்டி பார்த்தேன்.”

அந்தப் பெட்டிக்கே திரும்பக் கூட்டிப் போனேன். இரண்டு பேரும் உள்ளே போனோம், வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொன்னேன். இருட்டில் அவன் மூச்சு கேட்டது. ஒன்றும் தேடாதே, சும்மா நில்லு என்றேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

“அண்ணா, கீழ. லெஃப்ட் சைடு. கோடு மாதிரி.” நான் பதில் சொல்வதற்குள் அவனே திரும்பினான். “மேலயும் ஒண்ணு இருக்குதுண்ணா.”